அடிப்பதா, பிடித்து விடுவதா, விட்டுவிடுவதா? நச்சுப் பாம்போடு ஒரே மண்ணில் வாழ எந்த வழி தேறும்

விறகு அடுக்கின் ஓரத்தில் ஒரு வால் நழுவி உள்ளே போகிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் தடியை எடுக்கச் சொல்வார். இன்னொருவர் பாம்பு பிடிப்பவரின் எண்ணைத் தேடுவார். மூன்றாமவர் பூண்டை நசுக்கிப் போட்டால் ஓடிவிடும் என்பார். வயதானவர் யாராவது இருந்தால், "அது பாட்டுக்குப் போகும், விடுங்கள்" என்று முடித்துவிடுவார். நாலுமே பதற்றத்தில் வருகிற யோசனைகள். பதற்றம் அடங்கின பிறகு உட்கார்ந்து இவற்றை எடைபோட்டால் வேறு மாதிரி தெரிகிறது.

எடைபோட ஒரு படிக்கல் வேண்டுமே. நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்விதான்: இந்த வழி அடுத்த கடியைத் தடுக்குமா? பாம்பு கண்ணில் படாமல் போவது வேறு, கடி நடக்காமல் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பாம்புக்கடிகள். இறப்பவர்கள் 81,000 முதல் 1,38,000 பேர். 2017இல் அந்நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர், இறந்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், பெரும்பாலும் மழைக்காலம். நிறைய இறப்புகளில் கடி நடந்த இடம் காடல்ல, வீடும் அதைச் சுற்றிய இடமும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு தடியிலிருந்தே தொடங்கலாம்.

அடிப்பதன் கவர்ச்சி புரியாமலில்லை. பயம் அங்கேயே, அப்போதே முடிந்துவிடுகிறது. ஆனால் கடிபடும் நிலைமைகளிலேயே மோசமானது பாம்பைத் துரத்தி மடக்குவது. தன் வழியில் போய்க்கொண்டிருந்த பாம்பு, ஓட இடமில்லாமல் சுருண்டு திரும்புகிறது. தடியின் நீளத்தை நாம் பாதுகாப்பு என்று நம்புகிறோம். கண்ணாடி விரியன் பாயும் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்வதில்லை. செத்துவிட்டது என்று கையில் எடுப்பது இன்னும் ஆபத்து. துண்டான தலைகூட ஒரு மணி நேரம்வரை தொட்டால் கவ்வும், நஞ்சையும் இறக்கும். அது உயிரல்ல, நரம்பின் அனிச்சைச் செயல். ஆனால் நஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடையாளச் சிக்கலும் உண்டு. கட்டுவிரியன் என்று அடிக்கப்படுவதில் நிறைய ஓநாய்ப் பாம்புகள். அவற்றுக்கும் கறுத்த உடலில் வெள்ளைப் பட்டைகள், ஆனால் மனிதருக்கு ஆபத்தில்லை. நல்ல பாம்பு என்று அடிக்கப்படுவதில் சாரைப்பாம்புகள். சாரை எலியைத் தின்று தீர்ப்பது. தலைகீழ்த் தவறு இதைவிடக் கொடியது: கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்கப் போவார்கள். உடலில் வரிசையாக வட்டங்கள், கொழுத்த உருவம், மந்தமான அசைவு. பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும்.

சரி, அடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் அங்கே வந்தது? எலி இருந்தது, ஒளிய இடம் இருந்தது, ஈரம் இருந்தது. மூன்றும் அப்படியே இருக்கின்றன. இடம் காலி என்று எழுதி வைத்தது போலத்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. நல்ல பாம்பையோ கண்ணாடி விரியனையோ கொல்வது குற்றம். சட்டத்தை ஒதுக்கிவிட்டு நம் படிக்கல்லை மட்டும் வைத்துப் பார்த்தாலும், அடுத்த கடியைத் தடுப்பதில் தடி தேறவில்லை. சில நேரம் அந்த அடுத்த கடியே தடியால்தான் வருகிறது.

விரட்டும் பொருள்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கந்தகம், நாப்தலீன் உருண்டை இரண்டையும் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாம்புகள் அவற்றின் மேலேயே ஊர்ந்து போயின. கார்பாலிக் அமிலம் தோலைச் சுடும், குழந்தைகளும் நாயும் பூனையும் புழங்கும் இடத்தில் அதை ஊற்றிவைப்பது புதிதாக ஒரு ஆபத்தை விலைக்கு வாங்குவது. மீயொலிக் கருவிகள் என்று விற்கிறார்களே, அவை இன்னும் வேடிக்கை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தாழ்ந்த ஒலிகளும் தரையின் அதிர்வும்தான் அதற்கு எட்டும், சில நூறு ஹெர்ட்ஸ் அளவில். மீயொலி தொடங்குவதே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். கேட்காத காதுக்கு ஊதுகிற சங்கு. இவற்றால் வரும் பெரிய நஷ்டம் காசு அல்ல. மருந்து போட்டிருக்கிறது என்ற தைரியத்தில் இருட்டில் வெறுங்காலோடு இறங்கிப் போவது.

இன்னொரு உயிரை வைத்து விரட்டலாமே என்பதும் பழைய யோசனை. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் 1979இல் ஹபு என்ற நச்சுப் பாம்பை ஒழிக்கக் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கீரி பகலில் திரிவது, ஹபு இரவில் திரிவது. இரண்டும் சரியாகச் சந்திக்கவே இல்லை. கீரிகள் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய அரிய முயலைத் தின்னத் தொடங்கின. பிறகு பல ஆண்டுகள் பாடுபட்டு அந்தக் கீரிகளை ஒழித்து, 2024இல்தான் முற்றிலும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். வீட்டளவிலும் கதை இதே மாதிரிதான். நாய் குரைத்துக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பல நேரம் அதுவே கடிபட்டுச் சாகும். கோழி சின்னப் பாம்பைக் கொத்தலாம். கோழிக்குப் போடும் தானியம் எலியை இழுக்கும், முட்டையும் குஞ்சும் நல்ல பாம்பை இழுக்கும். கோழி வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாம்புக்காக என்று வளர்க்க வேண்டாம்.

இப்போது பிடித்து விடுவது. மனசாட்சிக்கும் சட்டத்துக்கும் ஒத்துவரும் வழி என்பதால் இன்று அதிகம் பேசப்படுவது இதுதான். நானும் நெடுநாள் இதையே முழுத் தீர்வு என்று நம்பியிருந்தேன். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வழி இது.

பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, கொக்கியும் பையும் வைத்து, பாம்பைக் கையால் தொடாமல் எடுத்துப் போனால் வீட்டில் அன்றைய ஆபத்து உண்மையிலேயே நீங்குகிறது. அவர் வரும்வரை நம் வேலை ஒன்றே ஒன்று: பாம்பு கண்ணை விட்டு மறையாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பது. எங்கே போனது என்று தெரியாத பாம்புதான் தூக்கத்தைக் கெடுப்பது. அறைக்குள் இருந்தால் உள்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியைத் திணித்து, வெளிக்கதவைத் திறந்து வைக்கலாம். பாதி நேரம் அவர் வருவதற்குள் அதுவே வெளியேறிவிடும். படம் எடுக்க வேண்டுமானால் தூரத்திலிருந்தே பெரிதாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கூடி, பிடித்தவர் பாம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டு, அவர் கடிபட்ட கதைகள் ஏராளம். வித்தை காட்டுபவரைவிட, வந்ததும் "எல்லோரும் பின்னால் போங்கள்" என்று அதட்டுபவரை நம்பலாம்.

சிக்கல் பை நிரம்பிய பிறகு வருகிறது. எங்கே விடுவது? "பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் விட்டாயிற்று" என்று கேட்கும்போது நமக்கு நிம்மதி. பாம்புக்கு அப்படியல்ல. ஒரு பாம்புக்குத் தன் இடத்தில் எந்த வளை குளிர்ச்சி, எங்கே இரை, எங்கே பதுங்கல் என்று எல்லாம் பழக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்தி, 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தூரத்தில் கொண்டுபோய் விடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அதே காட்டில் பிறந்து வளர்ந்தவற்றில் செத்தவை 11 சதவீதம்தான். இடம் மாற்றப்பட்டவை திக்குத் தெரியாமல் நெடுந்தூரம் அலைந்தன. அலைகிற பாம்பு என்றால் சாலையைக் கடக்கிற பாம்பு, புது வீடுகளுக்குள் நுழைகிற பாம்பு. கர்நாடகத்தின் ஆகும்பே மழைக்காட்டில் இடம் மாற்றப்பட்ட ராஜநாகம் ஒன்றைப் பின்தொடர்ந்தவர்களும் இதே மாதிரியான அலைச்சலைத்தான் கண்டார்கள்.

ஆக, தூர விட்டால் நம் ஆபத்தை முன்பின் தெரியாத இன்னொருவர் வாசலுக்கு அனுப்புகிறோம். அந்த ஆளுக்கு அது வருகிறது என்றுகூடத் தெரியாது. கிட்ட விட்டால், பக்கத்துப் புதரிலோ வயலோரத்திலோ விட்டால், பாம்பு பிழைக்கும். நம் எலி வளை அப்படியே இருந்தால் திரும்பியும் வரும். பொறுப்பாகப் பிடிப்பவர்கள் கிட்டவே விட வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அதனால்தான் பிடிப்பதை வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்புக்கான வழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் பார்த்ததற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டால் ஒரு மழைக்காலத்தில் பத்து முறை கூப்பிட வேண்டிவரும்.

பிடிக்கிற கலையை வேறொரு பயனுக்குத் திருப்பியவர்கள் இருளர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சு எடுத்தபின் திரும்ப விட்டுவிடுகிறது. அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் நம் மருத்துவமனைகளின் விஷமுறிவு மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் அது ஒரே மருந்து. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் உள்ள கூர்மூக்குக் குழிவிரியனுக்கு இது வேலை செய்வதில்லை. மலையோரத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

"அது பாட்டுக்குப் போகும்" என்ற பெரியவரின் யோசனை இதுவரை பார்த்ததில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும்விட மேல். ஆனால் ஒரு நிபந்தனையோடு: பாம்பு இருப்பது வீட்டுக்கு வெளியே, அதற்குப் போக வழி இருக்கிறது, நீங்கள் போதிய தூரத்தில் நிற்கிறீர்கள். வரப்பில் போகும் நல்ல பாம்புக்கு வழிவிட்டு இரண்டு நிமிடம் நிற்பதில் எந்தச் செலவும் இல்லை. பாம்பு பழிவாங்கும், ஆளை நினைவில் வைத்துத் தேடி வரும் என்பதெல்லாம் கதை. அதே வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்து, பாம்பு வாசற்படி இடுக்கில் குடியிருந்தால் இந்த யோசனை எடுபடாது. முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கும் நல்ல பாம்பும் வழக்கமான சாதுவல்ல. கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடும், ஒரே ஈற்றில் இருபது முப்பதுகூட. குட்டிக்கும் நஞ்சு உண்டு. சின்னது என்று அலட்சியமாக ஒதுக்கித் தள்ளப் போகாதீர்கள்.

இதுவரை பார்த்ததெல்லாம் பாம்பை என்ன செய்வது என்ற வழிகள். கொஞ்சம் மாற்றி, இடத்தையும் நம்மையும் என்ன செய்வது என்று பார்த்தால் படிக்கல் வேறு பக்கம் சாயத் தொடங்குகிறது.

இடத்தைப் பொறுத்தவரை எலியே முதல். சிந்திய தானியம், திறந்த தீவனம், மூடாத குப்பை இருக்கும்வரை எலி போகாது, எலி போகாதவரை பாம்பும் போகாது. விறகையும் செங்கல்லையும் சுவரோடு ஒட்டி அடுக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, வீட்டை விட்டுத் தள்ளி வைப்பது பெரிய மாற்றம். கதவின் கீழ் இடைவெளிக்கு ரப்பர் பட்டை. தண்ணீர் போகும் குழாய் வாய்க்குச் சல்லடை, அதன் கண் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குட்டிப் பாம்புக்கு விரல் நுழையும் ஓட்டை போதும். முழு வளாகத்துக்கும் பாம்பு வேலி போடுபவர்களும் இருக்கிறார்கள்: நெருக்கமான கம்பி வலை, 90 சென்டிமீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள், வெளிப்பக்கமாகச் சுமார் 30 டிகிரி சாய்வு. சரியாகப் போட்டால் நிற்கும். ஆனால் சாய்ந்து வளர்ந்த ஒரு கொடி போதும், பாம்புக்கு ஏணி கிடைத்துவிடும். என் கணிப்பில், குழந்தைகள் விளையாடும் சின்ன முற்றத்துக்கு வேலி சரி. பெரிய தோட்டத்துக்குப் போட்டால் அதைப் பராமரிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

நம்மை மாற்றிக்கொள்ளும் வழிகளில் நான் முதலிடம் கொடுப்பது கொசுவலைக்கு. எத்தனை பேர் இதைப் பாம்புக்கான பொருளாக நினைக்கிறார்கள்? கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. பகலில் தொட்டால்கூடச் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும். இரவில் தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடுகிறது. பல் மிகச் சிறியது. வலியும் வீக்கமும் இல்லாததால் பலருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, அப்புறம் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, விழுங்க முடியவில்லை. வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். இப்படிப்பட்ட பாம்புக்கு எதிராகத் தடி, பூண்டு, பாம்பு பிடிப்பவர் எதுவுமே உதவாது. அது வந்ததே நமக்குத் தெரியாதே. தென்கிழக்கு நேபாளத்தில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், கொசுவலைக்குள் தூங்கியவர்கள் கடிபடுவது மிக மிகக் குறைவாக இருந்தது. வலையின் ஓரங்களைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் நன்றாகச் செருகியிருக்க வேண்டும். தொங்க விட்டால் பயனில்லை. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வெளிச்சமும் காலணியும். கண்ணாடி விரியன் கடி பெரும்பாலும் பாதத்திலோ கணுக்காலிலோ படுவது. அது ஓடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும், காய்ந்த சருகில் கண்ணுக்கும் தெரியாது. குக்கர் விசில் மாதிரி நீளமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் கால் வைத்த இடத்திலேயே நின்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும், குதிக்கக் கூடாது. சுருட்டை விரியன் செதில்களை உரசி உலர்ந்த ரம்பச் சத்தம் எழுப்பும். மியான்மரில் நெல்வயல் வேலைக்காக எடை குறைந்த பூட்ஸ் செய்து, கண்ணாடி விரியனைக் கடிக்க விட்டே சோதித்தார்கள். காலணி காக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முழங்கால் சேற்றில் நடவு நடுகிறவரிடம் பூட்ஸ் போடச் சொன்னால் சிரிப்பார், நியாயமாகவே. அறுப்பு, களையெடுப்பு, வைக்கோல் தூக்குவது போன்ற உலர்ந்த வேலைக்குப் பூட்ஸ், கை நுழைக்கும் முன் ஒரு குச்சியால் கிளறிவிடுவது, இருட்டில் எழுந்தால் டார்ச். இவ்வளவையாவது விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். டார்ச்சைத் தலைமாட்டில் வைக்க வேண்டும். அலமாரியில் வைத்தால் அதை எடுக்கப் போகிற வழியிலேயே கடி நடக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் கடி நடக்கலாம். அப்படியானால் நமக்கும் மருந்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதே உயிரைத் தீர்மானிக்கும். நேபாளத்தின் தமக் பகுதியில் தன்னார்வலர்களின் மோட்டார் சைக்கிள்களை ஆம்புலன்ஸாக்கினார்கள். முன்னால் ஓட்டுபவர், நடுவில் கடிபட்டவர், பின்னால் பிடித்துக்கொள்ள ஒருவர். கூடவே ஊராருக்கு விளக்கமும் கொடுத்தார்கள். கடிபட்டவர்களில் இறப்பு 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ எதுவும் இல்லை, நேரம் மட்டும்தான் மிச்சமானது. இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிட்ட எதிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது.

அதனால் செலவு செய்யும் வரிசையை நான் இப்படி வைப்பேன். தரையில் படுத்து உறங்கும் வீடென்றால் வலை முதலில், எலி இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு. பகலில் வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவர் என்றால் காலணியும் டார்ச்சும் முதலில். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கதவு இடுக்கும் குழாய் வாயும் அடைபட்டாக வேண்டும், பாம்பு பிடிப்பவரின் எண் சுவரில் எழுதியிருக்க வேண்டும். மருத்துவமனை வெகு தூரம் என்றால் வண்டி ஏற்பாட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்துவிடுவேன். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று சும்மா இருக்கிற ஒரு நாளில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரைத் தட்டி எழுப்பலாம், அவருடைய வண்டியில் பெட்ரோல் இருக்குமா என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும்.

கடிபட்டவரைக் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், பச்சிலைக்குக் காத்திருக்காமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். மோதிரம், கொலுசு, கயிறு எதுவானாலும் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. மருத்துவர் பார்ப்பது அறிகுறிகளைத்தான். சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார். உறையவில்லை என்றால் விரியன் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். அதற்குத் தேவை பாம்பல்ல, கடிபட்டவர் சீக்கிரம் அங்கே வந்து சேர்வது.